காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று: நிரலுக்குள் காபனீரொட்சைட்டு கரையும் கணக்கு

திருகோணமலையில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தன் செய்திட்டத்தைப் பற்றி விவரமாக எழுதிக் கேட்டிருக்கிறார். 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள தெளிவான குழாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதற்குள் 1.4 மீற்றர் உயரத்துக்கு வளையங்களைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். இந்த அமைப்பைத்தான் நிரல் என்கிறோம்: கீழிருந்து ஏறும் வாயுக் கலவையிலுள்ள காபனீரொட்சைட்டை மேலிருந்து இறங்கும் திரவம் உறிஞ்சும். வளையங்கள் வாங்கியவை அல்ல. 12 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்தவை. கீழிருந்து நிமிடத்துக்கு 30 லீற்றர் காற்றும் 3 லீற்றர் காபனீரொட்சைட்டும் ஏறுகின்றன. மேலிருந்து நிமிடத்துக்கு 3 லீற்றர் திரவம் இறங்குகிறது. ஒருநாள் வெறும் தண்ணீர், இன்னொருநாள் கோஸ்டிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) கரைசல்.

தண்ணீர் விட்ட நாளில் காலையில், உள்ளே விட்ட காபனீரொட்சைட்டில் 5 சதவீதம் உறிஞ்சப்பட்டது. மத்தியானம் அது 4-க்குக் கீழே போய்விட்டது. கோஸ்டிக் விட்ட நாளில் மத்தியானம் தொடங்கிய ஓட்டங்கள் காலையைவிட நன்றாக இருந்தன. ஆனால் மூன்றாவது ஓட்டத்தில் திடீரென்று எல்லாம் விழுந்தது. காற்றை 60 லீற்றருக்கு ஏற்றிப் பார்த்தபோது மேல் வாயால் தண்ணீர் பீறியடித்ததாம். "வெப்பநிலை, செறிவு, பாய்ச்சல் வீதம் என்று புத்தகத்தில் எல்லாக் காரணிகளும் வரிசையாக இருக்கின்றன ஐயா, இதில் எது முக்கியம்?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, உங்கள் நிரலில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு விளைவும் நடந்தே தீர வேண்டியது. காரணிகளை வரிசையாகப் படித்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே காரணி ஒரு திரவத்தில் உறிஞ்சலைக் கூட்டும், இன்னொரு திரவத்தில் குறைக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வாயு எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பதை. அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1923, 1924-ஆம் ஆண்டுகளில் லூயிஸ், விட்மன் என்ற அமெரிக்க வேதிப் பொறியியலாளர் இருவரும் சொல்லிவைத்த படம் இன்றைக்கும் உதவுகிறது. வாயுவும் திரவமும் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய படலம் ஒன்று அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காபனீரொட்சைட்டு முதலில் வாயுப் படலத்தைக் கடக்க வேண்டும், பிறகு திரவப் படலத்தைக் கடக்க வேண்டும். காற்றுக்குள் அது பரவும் வேகம், தண்ணீருக்குள் பரவுவதைப் போல ஏறத்தாழ 8,000 மடங்கு. போதாததற்கு, அது தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதும் இல்லை. ஆகவே தண்ணீர் விட்டால் தடை முழுவதும் திரவப் பக்கத்தில்தான்.

கிண்ணியாப் பாலம் 2009-இல் திறப்பதற்கு முன்னர் அந்தப் பக்கம் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டினத்திலிருந்து பஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் துறையடியில் இறங்கிப் பாதைக்குக் காத்து நிற்கத்தான் வேண்டும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அந்த நாளில் பட்டினத்து வீதியை அகலமாக்கியிருந்தால் கிண்ணியாவுக்கு ஒரு நிமிடமாவது முந்திப் போயிருக்க முடியுமா? தண்ணீர் ஓடும் நிரலில் காற்றின் வேகத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். தடை இருப்பது துறையடியில்.

சரி, உங்கள் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வளிமண்டல அமுக்கத்தில் தூய காபனீரொட்சைட்டு ஒரு லீற்றர் தண்ணீரில் 20 பாகை செல்சியஸில் சுமார் 1.7 கிராம் கரையும். 30 பாகையில் 1.26 கிராம், 40 பாகையில் ஒரு கிராமுக்கும் சற்றுக் கீழே. உங்கள் வாயுக் கலவையில் அது 9 சதவீதம்தான். ஹென்றியின் விதிப்படி, மொத்த அமுக்கத்தில் அந்த வாயுவுக்குரிய பங்கு (பகுதியமுக்கம்) எவ்வளவோ கரைவதும் அந்த விகிதத்தில்தான். அப்படியானால் 30 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஆகக் கூடியது 0.11 கிராமைத்தான் ஏற்கும். நிமிடத்துக்கு 3 லீற்றர் தண்ணீர் 0.34 கிராமைக் கொண்டுபோகும். நீங்கள் உள்ளே விடுவதோ நிமிடத்துக்கு 5.3 கிராம். நிரலை ஒரு பனை உயரத்துக்குக் கட்டினாலும் ஆறரைச் சதவீதத்தைத் தாண்ட முடியாது. 27 பாகைத் தண்ணீருக்கு அந்த உச்சவரம்பு 7 சதவீதம், 38 பாகைத் தண்ணீருக்கு 5 சதவீதம். உங்களுக்குக் காலையில் 5, மத்தியானம் 4-க்குக் கீழே என்று வந்தது வரம்பை ஒட்டிய நல்ல விளைவு. அதற்காக நீங்கள் கவலைப்பட்டு வளையங்களைக் கழற்றிக் கழுவியிருக்கிறீர்கள்!

உங்கள் தண்ணீர் கூரைமேல் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் மத்தியானம் அந்தத் தாங்கிக் குழாயைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் "தண்ணீர், 15 பாகை" என்று போட்டிருக்கும் உதாரணக் கணக்கு இங்கே செல்லாது. வெப்பநிலையை எழுதிவைக்காத தண்ணீர்ப் பரிசோதனை திருகோணமலையில் எதற்கும் உதவாது என்றே சொல்வேன்.

தண்ணீரால் அதிகம் உறிஞ்ச வேண்டுமென்றால் இரண்டு வழிதான்: தண்ணீரைக் கூட்டுங்கள், அல்லது அமுக்கத்தைக் கூட்டுங்கள். தண்ணீரைக் கூட்டினால் கொள்ளளவும் கூடும், படலமும் மெலியும். ஷெர்வூட், ஹொலோவே இருவரும் 1940-இல் வெளியிட்ட அளவீடுகளுக்குப் பிறகு, திரவப் பக்கத்து இடமாற்றக் குணகம், அதாவது வாயு திரவப் படலத்தைக் கடக்கும் வேகத்தைச் சொல்லும் எண், பாய்ச்சலின் ஏறத்தாழ முக்கால் அடுக்கோடு ஏறும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் பாய்ச்சலை இரட்டிப்பாக்கியபோது உறிஞ்சலும் கிட்டத்தட்ட இரட்டிப்பானது அதனால்தான்.

அமுக்கத்துக்கு ஒரு கதை. தம்பலகாமத்தில் மாடு வளர்க்கும் என் நண்பர் ஒருவர் சாணவாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைக் கழற்றிவிட்டால் அடுப்பு நன்றாக எரியும் என்று கேள்விப்பட்டு, பீப்பாவுக்குள் உடைத்த ஓட்டுத் துண்டுகளை நிரப்பி மேலிருந்து தண்ணீர் விட்டார். நாள் முழுக்க மோட்டர் ஓடியதுதான் மிச்சம். என்னைக் கூப்பிட்டார், திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தோம். சாணவாயுவில் 40 சதவீதம் காபனீரொட்சைட்டு என்றால் ஒரு கன மீற்றரில் சுமார் 700 கிராம் இருக்கும். 30 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றருக்கு அரைக் கிராம்தான் ஏற்கும். அதாவது ஒரு கன மீற்றர் வாயுவைச் சுத்தமாக்க, எல்லாம் சரியாக நடந்தாலும், 1,400 லீற்றர் தண்ணீர்! கூரைமேல் தாங்கி ஒன்றுக்கும் மேலே. இந்த முறையைத் தொழிலாகச் செய்பவர்கள் 6 முதல் 10 பார் அமுக்கத்தில் செய்கிறார்கள் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்). அமுக்கம் பத்து மடங்கானால் தண்ணீர் பத்தில் ஒன்றாகும், அதற்காகத்தான். அவர் பீப்பாவில் அமுக்கம் ஏற்றப் போகிறேன் என்று சொன்னபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். எரிவாயுவை அடைத்து அமுக்கும் வேலைக்குச் சாதாரணப் பீப்பா கூடாது.

இனிக் கோஸ்டிக். இங்கே கதை தலைகீழ்.

அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்புப் பேணி ஒன்று இருக்கும். மூடாமல் விட்டால் இரண்டு நாளில் மேலே வெள்ளையாக ஓர் ஏடு பிடித்துவிடும். விரலால் ஏட்டைத் தள்ளினால் உள்ளே சுண்ணாம்பு பழையபடி மெதுமெதுவென்று இருக்கும். காற்றில் இருக்கும் கொஞ்சக் காபனீரொட்சைட்டு, அதாவது பத்தாயிரத்தில் நாலு பங்கு, மேற்பரப்பில் சுண்ணாம்போடு தாக்கம் புரிந்து கல்சியம் காபனேற்றாகிவிடுகிறது. கீழே இருப்பதற்கு வாயு போய்ச் சேருவதே இல்லை. காரக் கரைசல் ஒன்று வாயுவை உறிஞ்சும்போது நடப்பது முழுவதும் அந்தப் பேணிக்குள் இருக்கிறது: தாக்கம் விரைவு, நடக்கும் இடமோ மேற்பரப்பு மட்டும். நிரலுக்குள் வளையங்களைப் போட்டுக் கரைசலை மெல்லிய படலமாக ஓடவிடுவது, நொடிக்கு நொடி புது மேற்பரப்பைக் காட்டிக்கொண்டே இருப்பதற்கு.

எண்களால் சொல்கிறேன். ஐதரொட்சைட்டு அயன் காபனீரொட்சைட்டோடு தாக்கம் புரியும் வீத மாறிலி 25 பாகையில், மூல், லீற்றர், செக்கன் ஆகியவற்றை அலகாகக் கொண்டால், ஏறத்தாழ 8,500. உங்கள் கரைசல் லீற்றருக்கு 0.2 மூல். இந்த நிலையில் உள்ளே நுழையும் வாயு மூலக்கூறு ஒரு மைக்கிரோன் ஆழம் போவதற்குள் பிடிபட்டுவிடும். திரவப் படலத்தின் தடிப்போ 20 மைக்கிரோன் அளவில் இருக்கும். தலைமயிர் 70 மைக்கிரோன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது மைக்கிரோன் தூரம் நடந்து கடக்க வேண்டிய இடத்தை ஒரு மைக்கிரோனில் முடித்துவிடுவதால், வெறும் தண்ணீரைவிட உறிஞ்சும் வீதம் பதினைந்து, இருபது மடங்கு ஏறுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் ஹற்றாவின் பெயரில் வழங்கும் எண் இந்த விகிதத்தைத்தான் சொல்கிறது. அதை உங்கள் அறிக்கையில் கணித்துப் போடுங்கள்; மற்ற எல்லா விளக்கத்தையும் அது ஒன்றே தாங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. முதலாவது, படலத்தின் தடிப்பு இப்போது பொருட்டல்ல. அதனால் கோஸ்டிக் பாய்ச்சலை இரட்டிப்பாக்கினால் உறிஞ்சல் இரட்டிப்பாகாது. புதிதாக எவ்வளவு வளையம் நனைகிறதோ அந்த அளவுக்கு மட்டும் கூடும். நிரலுக்குள் உண்மையில் எவ்வளவு மேற்பரப்பு வேலை செய்கிறது என்று அளப்பதற்கே இந்தக் காபனீரொட்சைட்டு–கோஸ்டிக் சோடியைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, வெப்பநிலை. சூடு ஏறினால் கரைதிறன் குறைகிறது, உண்மை. ஆனால் தாக்க வீதம் பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, பரவும் வேகமும் கூடுகிறது, திரவத்தின் பாகுநிலை குறைகிறது. கூட்டிக் கழித்தால் 25-இலிருந்து 35 பாகைக்குப் போகையில் உறிஞ்சும் வீதம் கால் பங்கு அளவுக்குக் கூடும். ஒரே மத்தியான வெயில் தண்ணீருக்குக் கெடுதலாகவும் கோஸ்டிக்குக்கு நன்மையாகவும் முடிந்தது இப்படித்தான். "வெப்பநிலை கூடினால் உறிஞ்சல் குறையும்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கும் குறிப்புகளை நம்பி உங்கள் அளவீட்டைத் திருத்திவிடாதீர்கள்.

செறிவைக் கூட்டிக்கொண்டே போகலாமா? போகலாம், ஓர் எல்லை வரை. 1943-இல் டெப், டொட்ஜ் இருவரும் இதே மாதிரி நிரலில் செய்து பார்த்தபோது, கோஸ்டிக்கின் செறிவு சுமார் 2 நோமல் (லீற்றருக்கு 2 மூல்) வரும்வரை உறிஞ்சல் கூடி, அதற்கு மேலே குறையத் தொடங்கியது. உப்புக் கூடிய திரவத்தில் வாயு கரைவது குறைகிறது, பாகுநிலை ஏறுகிறது; அயன்கள் அதிகம் இருந்தும் வாயு உள்ளே வரவில்லை.

இப்போது அந்த மூன்றாவது ஓட்டம். நீங்கள் 30 லீற்றர் கரைசலைத் தாங்கியில் வைத்து, அதையே திரும்பத் திரும்ப மேலே ஏற்றியிருக்கிறீர்கள். அதில் இருந்தது மொத்தம் 6 மூல் கோஸ்டிக். ஒரு மூல் காபனீரொட்சைட்டு 2 மூல் கோஸ்டிக்கைத் தின்னும். உள்ளே வருவது நிமிடத்துக்கு 0.12 மூல், அதில் பாதி பிடிபட்டாலும் நிமிடத்துக்கு 0.12 மூல் கோஸ்டிக் போய்விடும். 50 நிமிடத்தில் தாங்கி காலி. ஓர் ஓட்டம் 20 நிமிடம் என்றால் மூன்றாவதின் நடுவில் விழத்தான் வேண்டும். மிச்சமிருந்தது சோடியம் காபனேற்று. அதுவும் வாயுவை ஏற்று இருகாபனேற்றாகும், ஆனால் மிக மெதுவாக.

"பினோத்தலீன் இளஞ்சிவப்பாகவே இருந்தது, ஆகவே கோஸ்டிக் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களை ஏமாற்றியது. காபனேற்றுக் கரைசலும் அந்தக் காட்டியை இளஞ்சிவப்பாகவே வைத்திருக்கும். மாதிரியை எடுத்ததும் பேரியம் குளோரைட்டு விட்டுக் காபனேற்றை வெள்ளை வீழ்படிவாகப் பிரித்துவிட்டுப் பிறகு நியமிப்புச் செய்யுங்கள்; மிச்சக் கோஸ்டிக் எவ்வளவு என்று உண்மை தெரியும். மாதிரிப் போத்தலை மூடியே வையுங்கள். திறந்திருந்தால் அம்மம்மாவின் சுண்ணாம்புப் பேணி கதைதான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோஸ்டிக் கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தீர்களா? கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்றால், அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் வீழ்படிவாகி வளையங்களில் மாவாக ஒட்டும். வாரக்கணக்கில் ஓட்டினால் அடைப்பு வரும். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்காவிட்டால் மழைத் தண்ணீராவது பிடியுங்கள்.

வளையங்களுக்கு வருவோம். வளையத்தை இப்படிப் போட்டு நிரப்பும் யோசனை ஜெர்மன் வேதியியலாளர் பிரீட்ரிக் ராஷிக் தந்தது. நீளமும் விட்டமும் சமமாக வெட்டிய குழாய்த் துண்டு, அவ்வளவுதான். நீங்கள் வெட்டியதும் அதுவே. அந்த அளவு வளையம் ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 350 சதுர மீற்றர் மேற்பரப்பைத் தரும். உங்கள் நிரலின் கொள்ளளவு 6.2 லீற்றர், ஆக உள்ளே இருப்பது 2.2 சதுர மீற்றர், ஒரு பாய் விரித்த அளவு. ஆனால் அந்தப் பாய் முழுதும் நனைகிறதா? புதுப் பிளாஸ்டிக்கில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். குழாய்க்கு அருகில் கண்ணை வைத்துப் பாருங்கள்: தண்ணீர் படலமாகப் பரவாமல் நாலைந்து இழைகளாகத் திரண்டு, ஒரே வழியால் இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வளையம் காய்ந்தே கிடக்கும். கண்ணாடி, பீங்கான் வளையங்கள் நன்றாக நனையும். பிளாஸ்டிக்தான் கையில் இருக்கிறது என்றால் உள்ளும் புறமும் மணற்கடதாசியால் உரசி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நுரை போகக் கழுவிப் போடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பாய்ச்சல் குறைந்தாலும் நனையாது. வளையங்கள் முழுதாக நனைய ஆகக் குறைந்த அளவு ஒன்று உண்டு; உங்கள் நிரலுக்குக் கணித்தால் நிமிடத்துக்குச் சுமார் 2 லீற்றர் வருகிறது. ஒரு லீற்றரில் எடுத்த வாசிப்புகளைத் தனியாக வையுங்கள், மற்றவற்றோடு ஒரே கோட்டில் பொருத்த வேண்டாம்.

இன்னொரு குறை, அதை நீங்கள் இனி மாற்ற முடியாது, ஆனால் அறிக்கையில் சொல்லலாம். நிரலின் விட்டம் வளையத்தின் விட்டத்தைப்போல எட்டு, பத்து மடங்காவது இருக்க வேண்டும். ராஷிக் வளையத்துக்கு அதைவிடக் கூடவே கேட்பார்கள். உங்களுடையது ஆறு மடங்கு. சுவரோரம் வளையங்கள் நெருங்கி அமையாது, திரவம் சுவர்ப் பக்கம் நழுவிப் போகும், வாயு நடுவால் போகும், இரண்டும் சந்திக்காமலே வெளியேறும். மேலே ஒரே ஒரு துளையால் தண்ணீர் விழுகிறது என்றால் இது இன்னும் மோசம். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டாலே நல்ல பகிர்வான் ஆகிவிடும். கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிட்டுப் பாருங்கள், தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று நிறமே காட்டிக்கொடுக்கும். உயரமான கோபுரங்களில் சுவருக்கு ஒதுங்கிய திரவத்தை நடுவுக்குக் கொண்டுவர இடையிடையே மறுபடியும் பகிரும் தட்டு வைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் பீறியடித்ததே, அதை ஆலையில் எல்லோரும் பிளடிங், அதாவது வெள்ளம், என்போம். வாயுவைக் கூட்டக் கூட முதலில் அமுக்க இழப்பு மெதுவாக ஏறும். ஒரு கட்டத்தில் வாயு திரவத்தை இறங்கவிடாமல் தாங்கத் தொடங்கும். வளையங்களுக்கிடையே தண்ணீர் தேங்கும். இன்னும் கூட்டினால் நிரலின் மேற்பகுதியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர் கொதிப்பது போல நிற்பதைக் காணலாம். களகளவென்று சத்தம் மாறும். அமுக்கம் காட்டும் மனோமானியில் திரவம் துள்ளும். அடுத்த நொடி வெளியே. இதைக் கண்டு பயந்து காற்றை மிகக் குறைத்துவிட வேண்டாம். தேங்கத் தொடங்கும் நிலைக்கும் வெள்ளத்துக்கும் இடையில் தொடுகை நன்றாக இருக்கும்; தொழிற்சாலைக் கோபுரங்களை வெள்ளம் வரும் வேகத்தின் 60 முதல் 80 சதவீதத்தில் ஓட்டும்படி அமைப்பார்கள். உங்கள் 30 லீற்றர் காற்று பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறது.

நான் வளைகுடா நாடொன்றில் அமோனியா ஆலையில் பல வருடம் இருந்தேன். அங்கே காபனீரொட்சைட்டைக் கழற்றுவது அமைன் கரைசல்; அமைன் என்பது அமோனியாவை ஒத்த, கார இயல்புள்ள சேதனச் சேர்வை. அதில் ஓர் இரவு நடந்ததை இன்றும் மறக்கவில்லை. பாய்ச்சல் எதுவும் மாறவில்லை, ஆனால் கோபுரத்தின் அமுக்க இழப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெள்ளம் என்று நினைத்து வாயுவைக் குறைத்தோம், நிற்கவில்லை. மாதிரி எடுக்கப் போன பையன் கண்ணாடிப் போத்தலைக் குலுக்கிவிட்டு என்னிடம் நீட்டினான். நுரை கழுத்துவரை ஏறி, ஐந்து நிமிடமாகியும் அடங்கவில்லை. வடிகட்டியை மாற்றும்போது சில நாள் ஒதுக்கிவிட்டு ஓட்டியதில் துருத்தூளும் எண்ணெயும் கரைசலில் சேர்ந்திருந்தன. நுரையடக்கி விட்டதும் அரைமணியில் எல்லாம் அடங்கியது. சோப்பால் கழுவிய வளையங்களை ஏன் நன்றாக அலசச் சொன்னேன் என்று இப்போது விளங்கும்.

அமைனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-இல் பொட்டம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. மொனோஎதனோலமைன் விரைவாகப் பிடிக்கும், ஆனால் ஒரு வாயு மூலக்கூறுக்கு இரண்டு அமைன் மூலக்கூறு செலவாகும். மெதைல்டைஎதனோலமைன் ஒன்றுக்கு ஒன்று பிடிக்கும், ஆனால் மெதுவாக. அதை விரைவுபடுத்தக் கொஞ்சம் பிப்பரசீன் என்ற இன்னோர் அமைனைச் சேர்ப்பார்கள். கோஸ்டிக்கை விட்டு இதற்குப் போவது எதற்கென்றால், 120 பாகை அளவில் சூடாக்கினால் வாயுவைத் திருப்பி விட்டுவிடும், கரைசலை மறுபடி பாவிக்கலாம். ஆனால் திரும்பி வரும் கரைசலில் கொஞ்சம் வாயு தங்கியே இருக்கும். கோபுரத்தின் உச்சியால் எவ்வளவு சுத்தமான வாயு போகும் என்பதை அந்தத் தங்கல்தான் தீர்மானிக்கிறது. உங்கள் தாங்கியில் கோஸ்டிக் தீர்ந்துபோனதும் இதுவும் ஒரே விஷயம். கோபுரத்தின் நடுவே வெப்பம் வீங்கி நிற்கும் இடமும் இங்கே உண்டு, தாக்கம் வெளிவிடும் வெப்பம் அது.

சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் வரும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், 2016-இல் அது கைவிடப்படும்வரை, புகையை இப்படிக் கழுவலாமே என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டார்கள். கழுவலாம். ஆனால் அந்த அளவு நிலையம் மணிக்கு 400 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு விடும். ஒவ்வொரு தொன்னையும் அமைனிலிருந்து கழற்ற 3 முதல் 4 கிகா யூல் வெப்பம் வேண்டும். நிலையம் தன் நீராவியில் கணிசமான பங்கைக் கழுவுவதற்கே கொடுக்க வேண்டிவரும். உறிஞ்சுவது எளிது தம்பி, விடுவிப்பதுதான் செலவு.

கடைசியாக, உங்கள் அளவீட்டுக் கருவிகள். ரோட்டாமீற்றர் என்பது வாயுவின் பாய்ச்சலை அளக்கும் கருவி. காற்றுக்கு அளவு குறித்த ரோட்டாமீற்றரில் காபனீரொட்சைட்டை ஓட்டினால் அது பொய் சொல்லும், ஏனென்றால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. 3 என்று காட்டினால் உண்மையில் போவது சுமார் 2.4 லீற்றர். உங்கள் ரோட்டாமீற்றர் எதற்குக் குறித்தது என்று முதலில் பாருங்கள்; காற்றுக்கு என்றால் மேலே நான் போட்ட கணக்குகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சிலிண்டர் வாயில் உள்ள அமுக்கச் சீராக்கி குளிர்ந்து பனி பிடிக்கும், பாய்ச்சல் தானாகக் குறைந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள். கொட்டிலின் இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள், இந்த வாயு தாழ்ந்த இடத்தில் தங்கும். கோஸ்டிக்கைத் தொடும்போது கண்ணாடி போடாமல் யாரும் நிரலுக்குக் கிட்ட வரக்கூடாது, வேடிக்கை பார்க்க வரும் நண்பர் உட்பட.

அடுத்த கிழமை இப்படிச் செய்யுங்கள். தாங்கிக்கு மேலே ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வையுங்கள். காலை 6 மணிக்குப் புதுக் கரைசலில் 15 நிமிடம், மத்தியானம் 2 மணிக்கு மறுபடி புதுக் கரைசலில் 15 நிமிடம். திரவத்தின் வெப்பநிலையை மேலேயும் கீழேயும் எழுதுங்கள். திரவத்தில் சேர்ந்த காபனீரொட்சைட்டும் வாயுவில் குறைந்ததும் ஒன்றுக்கொன்று பத்துச் சதவீதத்துக்குள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து ஹற்றா எண்ணைப் போடுவோம். பொருந்தாவிட்டால் முதலில் ரோட்டாமீற்றரைக் கழற்றுங்கள்.